ஆறு சுமந்து வரும் மண்

காவிரி என்றதும் நம் நாவில் முதலில் வரும் சொல் தண்ணீர். எத்தனை டி.எம்.சி. வந்தது, எத்தனை வரவில்லை என்று வீட்டிலும் பேருந்திலும் பேசக் கேட்கிறோம். 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று கூறியது. இத்தனை அளவும் நீருக்கே. அந்நீர் சுமந்து வரும் மண்ணுக்கு அளவேது, பங்கேது? நீரினும் மண்ணே காவிரியின் பெரிய கொடை என்பது என் கருத்து.

குடகு மலையில் பிறக்கும் ஆறு பாறையை அரித்துக்கொண்டு இறங்குகிறது. உருண்ட கல் கூழாங்கல் ஆகிறது. கூழாங்கல் தேய்ந்து மணலாகிறது. மணலினும் நுண்ணியது வண்டல். சமவெளிக்கு வந்ததும் ஆற்றின் வேகம் தளர்கிறது. சுமக்கும் வலிமையும் தளர்கிறது. கனத்த மணலை முதலில் இறக்கி வைக்கிறது. வண்டலை வயல்வரை கொண்டு சேர்க்கிறது. தன் படுகையைத் தானே உயர்த்திக்கொண்டு, பிறகு பள்ளம் தேடி வேறு வழி பிரிகிறது. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து பிரிந்து, பூம்புகாரில் கடலைச் சேரும்போது காவிரி ஒரு வாய்க்கால் போலச் சிறுத்துவிடுகிறது. ஆனால் பின்னால் விட்டு வந்ததோ தஞ்சைத் தரணி! இதனைப் பாடநூல் ஆற்றின் 'முதுமை நிலை' என்கிறது. அச்சொல் எனக்கு உடன்பாடன்று. நிலத்தை ஈன்றெடுப்பது முதுமையின் செயலா?

இப்பணி என்றோ முடிந்துவிட்டது என்று நாம் எண்ணுவதே தவறு. முக்கொம்பைப் பாருங்கள். அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தைத் தீவாக்குகிறது. கொள்ளிடம் தாழ்வானது, ஆகவே வெள்ளம் அதில் பாய்ந்தது, காவிரியின் வாயில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் வாடின. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். காவிரிக்கு நீர் வந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே காவிரி தன் படுகையை அளவுக்கு மீறி அரிக்கத் தொடங்கவே, அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் கை வைத்தால் ஆறு உடனே மறுமொழி சொல்லிவிடுகிறது!

மணல்மேல் வீடு கட்டியவனை அறிவிலி என்கிறது நற்செய்தி. நம் கல்லணையோ மணல்மேல்தான் நிற்கிறது. கல்லை இட்டு, அது மணலில் புதையப் புதைய மேலும் கல்லை இட்டு எழுப்பிய அடித்தளம் அது. காட்டனே அதைக் கண்டு வியந்தார். ஆயினும் அடியில் மணல் இருக்கும்வரைதானே அந்த வித்தை? 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணல் கொள்ளையே காரணம் என்றனர் உழவர் பலர். அணையின் வயதே காரணம் என்றது அரசு. எனக்கு உழவர் சொல்லை எளிதில் தள்ள மனம் வரவில்லை.

மணல் குறைவது லாரியால் மட்டுமன்று. 1934 முதல் மேட்டூர் அணை நீரோடு வண்டலையும் தேக்கி வருகிறது. எகிப்தில் 1970-இல் அசுவான் பேரணை முடிந்தபின் நைல் நதியின் வண்டல் அணைக்குப் பின்னேயே தங்கிவிட, ரொசெட்டா முகத்துவாரக் கரையைக் கடல் அரித்துச் சென்றது. கழிமுக மண் தானே அமுங்கித் தாழ்வது. கடலோ ஓயாமல் கரையை அரிப்பது. புது மண் வந்தால்தான் ஈடாகும். வராவிட்டால் உப்புநீர் உள்ளே ஏறும்.

அதற்காக அணையே வேண்டாம் என்பேனா? மேட்டூர் இல்லையேல் குறுவை ஏது! அங்கே படிந்த வண்டலை எடுத்து உழவர்க்கு வழங்கும் பணி 2017-இல் தொடங்கியது. அது நல்ல வழி. ஆற்று மணலை அள்ளுவது வேறு கதை. மணற்படுகை என்பது நீரைத் தன்னுள் பிடித்து வைக்கும் தொட்டி. அதை அள்ளிவிட்டால் கரையோரக் கிணறுகள் வற்றும். 'மணல் இன்றி வீடு கட்டுவது எப்படி?' என்று தந்தையர் கேட்பர். நியாயமான கேள்விதான். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் இருக்கிறது. அதற்கும் மலையைத்தான் உடைக்க வேண்டும் என்பது வேறு கவலை. ஆண்டுதோறும் ஆறு கொண்டு வரும் மணல் எவ்வளவு என்று முதலில் அளக்கட்டும். அதற்குமேல் ஒரு கூடையும் எடுக்கலாகாது என்று சட்டம் சொல்லட்டும்.

தோழியரே, நாளிதழ்கள் மேட்டூரின் நீர்மட்டத்தை அடி கணக்கில் அச்சிடுகின்றன. அதன் கீழே, இவ்வாண்டு கல்லணையைக் கடந்து வந்த மணல் இவ்வளவு, ஆற்றிலிருந்து அள்ளியது இவ்வளவு என்று இன்னும் இரண்டு வரிகள் சேர்க்கலாகாதா?