ஓவியம் வந்தது, வேலை எங்கே?

ஜெர்மனியின் லைப்சிக் நகரம் இசைக்குப் பெயர்போனது. அங்குள்ள புகழ்மிக்க இசைக்குழுவின் பெயர் கெவாண்ட்ஹவுஸ். துணிமண்டபம் என்று பொருள். 1781இல் ஜவுளி வியாபாரிகளின் கட்டடத்தில் கச்சேரி மண்டபம் அமைந்ததால் வந்த பெயர் அது. நெசவாளியின் உழைப்பில்லாமல் துணி ஏது? மண்டபம் ஏது?

1918 டிசம்பர் 31 இரவு. உலக யுத்தம் ஓய்ந்திருந்தது. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை அந்நகரத் தொழிலாளர் கல்வி நிலையம் ஏற்பாடு செய்தது. நிகிஷ் நடத்தினார். 11 மணிக்குத் தொடங்கிய இசை, புத்தாண்டு பிறக்கையில் முடிந்தது. கலை சீமான்களின் தனிச்சொத்தல்ல என்று பாட்டாளி மக்கள் நிலைநாட்டினர்.

அதே நகரில் 1884இல் தோன்றிய பஞ்சாலை, ஒரு காலத்தில் ஐரோப்பாக் கண்டத்திலேயே பெரியது. 2,40,000 கதிர்கள் சுழன்றன. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. லாபக் கணக்கு உள்ளே வந்தது. சில ஆண்டுகளில் நூற்பு நின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். இன்று அங்கே ஓவியக் கூடங்கள்!

ஓவியம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், பூட்டிய ஆலையில் படம் மாட்டினால் பறிபோன கூலி திரும்புமா? பருத்தி எடுக்கும் கைக்கும், நூல் நூற்கும் கைக்கும் வேலையும் வேண்டும், கலையும் வேண்டும். ஒன்றைப் பறித்து மற்றொன்றைக் காட்டுவதை நாம் ஏற்கமாட்டோம், தோழர்களே!