இணையத்திற்கு ஓர் இடைக் களஞ்சியம்



மாணவர் விடுதி ஒன்றில் முப்பது கணினிகள். வெளியுலகிற்கோ ஒரே இணைய இணைப்பு. முப்பது பேரும் கேட்பது ஒரே கோப்பாயின், அதனை முப்பது முறை தொலைவிலிருந்து தருவிக்க வேண்டுமா? முதன்முறை வந்ததன் படியை அருகிலேயே வைத்திருந்து மற்றவர்க்கு வழங்கும் கணினிக்குப் ‘பிராக்ஸி சர்வர்’ என்று பெயர். அமெரிக்காவில் டுவேன் வெசல்ஸ் என்பவர், ‘ஹார்வெஸ்ட்’ என்னும் ஆய்வுத் திட்டத்தின் பணியிலிருந்து வளர்த்தெடுத்து 1996-இல் வெளியிட்ட ‘ஸ்க்விட்’ என்ற மென்பொருள் இதற்கென்றே அமைந்தது. இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. கற்க விழைவோர் இதிலேயே தொடங்கலாம்.

நிறுவச் சில நிமிடங்களே ஆகும். பின்னர், எவரெவர்க்கு அனுமதி என்பதை அமைப்புக் கோப்பில் எழுதவேண்டும். புதியவர் தடுமாறுவது இங்கேதான். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் எது பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. ‘அனைவரையும் தடு’ என்ற வரிக்குக் கீழே விடுதிக்கான அனுமதியை எழுதினால் அது எட்டப்படவே மாட்டாது. இவ்வாறு நான் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இழந்திருக்கிறேன். சலிப்புற்று ‘அனைவரையும் விடு’ என்று எழுதிவிடுவதோ அதனினும் கேடு. ஊர் பேர் அறியாதோர் நம் இணைப்பின் வழியே புகுந்து செய்யும் குற்றங்களுக்கு நம் முகவரியே சான்றாக நிற்கும்.

சேமித்த படி பழையதாகிவிட்டால்? அனுப்பும் தளமே ‘இத்தனை நேரம் வைத்துக்கொள்க’ என்று குறிப்பிட்டிருந்தால் தொல்லையில்லை. குறிப்பிடாதபோது ஸ்க்விட் ஒரு கணக்குப் போடுகிறது. கோப்பு வந்தபோது அதற்கிருந்த வயதில் 20 விழுக்காட்டுக் காலத்திற்கு அதனைப் புதியதென்றே கொள்ளும். பத்து நாள்களாக மாறாதிருந்த கோப்பு, மேலும் இரண்டு நாள் செல்லும். மேல்வரம்பு 4320 நிமிடங்கள், அதாவது மூன்று நாள். அதன்பின் மூலத்தளத்தை ‘மாறியதா?’ என்று கேட்கும். ‘இல்லை’ என்ற சிறு மறுமொழி வந்தால் பழைய படியே மீண்டும் பயன்படும்.

ஒன்றை மறைக்கலாகாது. இந்நாளில் பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. அவற்றின் உள்ளடக்கத்தை இடையில் நிற்கும் கணினி காணவும் இயலாது, சேமிக்கவும் இயலாது. லினக்ஸ் வகைகள் சிலவற்றின் மென்பொருள் தொகுப்புகள் போன்றவற்றிற்கே இன்று களஞ்சியம் பெரிதும் உதவும். அதற்கும், ஒரு கோப்பிற்கு 4 எம்.பி. என்று இயல்பாக உள்ள வரம்பை உயர்த்தவேண்டும். தம் சான்றிதழைப் பயனரின் கணினிகளில் இட்டு மறையாக்கத்தையே பிரித்துப் படிப்போரும் உளர். வங்கிக் கடவுச்சொல்லும் அன்னைக்கு எழுதும் மடலும் அவ்வழியே செல்லும் விடுதியில், இதனை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

பிரிக்காவிடினும், எந்தக் கணினி எந்நேரத்தில் எந்தத் தளத்தை நாடியது என்பதை ஸ்க்விட் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டேயிருக்கும். அதனைத் திறக்கக்கூடியவர் யார், எத்தனை நாளில் அது அழிக்கப்படும் என்பவற்றை முதல் நாளே முடிவு செய்து, மாணவர் காணும்படி அறைக்கதவில் ஒட்டிவிடுங்கள்.