பழைய கார்ல லைட் மங்கலா எரியுதா? பல்பை மாத்துறதுக்கு முன்னாடி ஒயரைப் பாருங்க!

கார் தீப்பிடித்து எரிந்தது என்று வரும் செய்திகளில் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான். 'மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது.' அத்தோடு விஷயம் முடிந்துவிடும். மின்சாரம் எந்த இடத்தில் கசிந்தது, ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற பழைய கார்களில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. கார் பழசு என்பது பாதி காரணம்தான். மீதி, 40, 50 வருஷமாக ஒவ்வொரு மெக்கானிக்கும் அவசரத்துக்குச் செய்துவிட்டுப் போன ஒட்டு வேலை.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

விண்டேஜ் வாகனங்களைப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ' என்று இருக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் சாலையில் ஓட்டலாம். தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது.

50 வருஷக் கணக்கு என்பதால் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஒரு தொகுதி கார்கள் இந்த வரம்புக்குள் வருகின்றன. முன்பு விண்டேஜ் என்றால் ஜமீன் வீட்டு கார்தான் நினைவுக்கு வரும். இப்போது தாத்தா வாங்கிய அம்பாசிடரும் அந்த வரிசைக்கு வந்துவிட்டது. ஷெட்டில் கிடந்த காரைத் தூசு தட்டி, பெயின்ட் அடித்து, பேரணிக்குக் கொண்டுவரும் ஆர்வம் கூடியிருக்கிறது.

இதில் ஒரு ஓட்டை. விண்டேஜ் என்பதற்கு அந்த விதி தரும் விளக்கம் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. ஒயரிங் பற்றி அந்த விளக்கத்தில் பேச்சே இல்லை. வழக்கமான வாகனச் சோதனையிலும் லைட் எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் யாரும் டார்ச் அடித்துப் பார்க்கப்போவதில்லை.

இந்த கார்களில் ஃபியூஸ் எத்தனை?

இன்றைய கார்களில் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தால் கலர் கலராக 20, 30 ஃபியூஸ் இருக்கும். 1950, 60-களின் பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பல கார்களில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான். அம்பாசிடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எல்லாம் அந்தக் குடும்பம். ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத்தான் ஃபியூஸ். ஹெட்லைட் லைனும் இக்னிஷன் லைனும் பல மாடல்களில் ஃபியூஸே இல்லாமல் நேராகப் போகும்.

இதைவிட முக்கியமானது பிரவுன் ஒயர். அந்தக் காலத்து லூகாஸ் கலர் கணக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேரடியாக வருவது, வெள்ளை என்றால் இக்னிஷன், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் மற்றும் பின் லைட், கறுப்பு எர்த். (ஃபியட் வழியில் வந்த பத்மினிக்கு நிறக் கணக்கு வேறு.) சாவியை எடுத்த பிறகும் பிரவுன் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், நடுவில் ஃபியூஸும் கிடையாது. ராத்திரி நிறுத்தி வைத்த கார் தானாக எரிவதற்கு இப்படிப்பட்ட ஒரு ஒயர் போதும்.

ரிப்பேர் பார்ப்பவர் கையில் அன்றைக்கு என்ன ஒயர் இருக்கிறதோ அதைப் போட்டுவிட்டால் இந்த நிறக் கணக்கே போய்விடும். அடுத்து வருபவர் சிவப்பைப் பார்த்து பின் லைட் என்று நினைத்துத் தொடுவார். அது பேட்டரி லைனாக இருக்கும்.

மங்கலான லைட், பெரிய பல்பு

பழைய கார் வைத்திருப்பவர்களின் முதல் புகார், 'லைட் வெளிச்சமே பத்தல.' உடனே கிடைக்கும் தீர்வு, 100 வாட்ஸ் ஹாலஜன் பல்பு. பிரச்சினை ஆரம்பிப்பது இங்கேதான்.

அசல் பல்பு சுமார் 45 வாட்ஸ் என்று வையுங்கள். இரண்டு பல்புக்கும் சேர்த்து, 12 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர் ஓடும். 100 வாட்ஸ் போட்டால் 16 ஆம்பியரைத் தாண்டும். ஒயர் அதே ஒயர், சுவிட்சும் அதே சுவிட்ச்.

கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட்டில் காலப்போக்கில் பச்சைக் களிம்பு ஏறி, 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 8 ஆம்பியர் ஓடும்போது அந்த ஜாயின்ட்டில் உருவாகும் சூடு சுமார் 6 வாட்ஸ். 16 ஆம்பியர் ஓடினால் சுமார் 25 வாட்ஸ். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். அப்படி ஒன்றைச் சுவிட்ச் போட்டு டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம்.

அப்போ ஃபியூஸ் போகாதா? ஃபியூஸ் இருந்தாலும் போகாது. ஃபியூஸுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கரன்ட் அளவு தாண்டியதா இல்லையா. ஷார்ட் ஆனால் கரன்ட் எகிறும், ஃபியூஸ் போகும். மோசமான ஜாயின்ட்டில் கரன்ட் கூடாது, கொஞ்சம் குறையக்கூட செய்யும். அதனால்தான் லைட்டே மங்கலாகிறது. அந்த மங்கல்தான் கார் கொடுக்கும் எச்சரிக்கை. அதைப் பார்த்துவிட்டு பெரிய பல்பு போட்டால், ஏற்கெனவே சூடாகும் இடத்தை இன்னும் சூடாக்குகிறோம். இந்த ஒரு விஷயம் புரியாமலேயே பல பழைய கார்களின் ஒயரிங் கருகியிருக்கும்.

வெள்ளித்தாள், வீட்டு ஒயர், டேப்

ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவது நம் ஊரில் ஒரு தொழில்நுட்பமாகவே இருக்கிறது. 'ஊர் போய்ச் சேர்ந்ததும் மாத்திக்கலாம் சார்' என்பார்கள். மாற்றுவதில்லை. அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும்.

வீட்டு ஒயரிங்குக்கு வாங்கியதில் மிச்சமான ஒயரை காரில் இழுப்பது அடுத்தது. வாகனத்துக்கான ஒயரில் மெல்லிய கம்பிகள் நிறைய இருக்கும், அதிர்வைத் தாங்கும். வீட்டு ஒயரில் தடித்த கம்பிகள் கொஞ்சம்தான். சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்கு அது போதும். காரின் ஓயாத குலுக்கலில் உள்ளே ஒவ்வொரு கம்பியாக அறும். வெளியே பார்த்தால் ஒயர் முழுசாகத்தான் தெரியும். சாதாரண வீட்டு ஒயரின் பிவிசி உறை 70 டிகிரி வெப்பத்துக்கானது, இன்ஜின் பக்கத்தில் அது எத்தனை நாள் தாங்கும்?

இன்ஜினிலிருந்து உள்ளே வரும் ஒயர், இரும்புத் தகட்டில் உள்ள ஓட்டை வழியாகத்தான் வரும். அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது விழுந்துவிட்டால் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும். சில ரூபாய் சமாச்சாரம்தான். கழற்றியவர்கள் திரும்ப மாட்டுவதில்லை.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவதும் அதிகம் நடக்கிறது. யோசனை நல்லதுதான். ஆனால் பழைய டைனமோ கொடுத்தது 20 ஆம்பியர் அளவுதான். புதிய ஆல்டர்னேட்டர் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு கொடுக்கும். அவ்வளவு கரன்ட்டும் டேஷ்போர்டில் உள்ள பழைய அம்மீட்டர் வழியாகவே போனால், தீ டிரைவரின் முழங்காலுக்கு எதிரே ஆரம்பிக்கும். தடித்த ஒயர் போட்டு, அம்மீட்டரைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அது தெரியாமல் ஆல்டர்னேட்டரையோ சார்ஜரையோ மாட்டினால் உடனே புகைதான்.

பெட்ரோலும் இதில் சேர்கிறது

பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்கள் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. காலப்போக்கில் அவை உப்பி, வெடித்துக் கசியலாம். கார்பரேட்டர் பக்கத்தில் பெட்ரோல் வாடையும், அதே இடத்தில் உறை வெடித்த ஒயரும் இருந்தால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒயரிங் பார்க்கும்போதே எரிபொருள் ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது அவசியம்.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை ஹெட்லைட்டுக்கு மின்சாரம் வரும் டெர்மினலில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ ஒயரோ, சுவிட்சோ, ஜாயின்ட்டோ மின்சாரத்தைத் தின்கிறது. எர்த் பக்கமும் இதேபோல் பார்க்க வேண்டும். (பாசிட்டிவ் எர்த் காராக இருந்தால் முனைகள் தலைகீழ்.) பாடியில் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் அடித்துவிட்டதே பல கார்களில் வியாதியாக இருக்கும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்கினால் அசல் பல்பே பளிச்சென எரியும்.

அதன் பிறகும் வெளிச்சம் வேண்டும் என்றால் ரிலே போடலாம். சுவிட்ச் வழியாக ரிலேவுக்கான சிறிய கரன்ட் மட்டும் போகும். பல்புக்கான கரன்ட், தனி ஃபியூஸ் உள்ள தடித்த ஒயரில் பேட்டரியிலிருந்து நேராக வரும்.

ஒயரின் உறை கை வைத்ததும் உதிர்கிறது, நான்கைந்து இடத்தில் டேப் இருக்கிறது என்றால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை. ஒயரிங் முழுவதையும் அதே நிறக் கணக்கில் புதிதாகப் போடுவதுதான் வழி. பெயின்ட்டுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் இதற்குத் தயங்குவது வேடிக்கைதான்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், கார் எரிந்தால் உரிமையாளருக்கு ஒரு ரூபாயும் வராது. பழைய கார்தானே என்று அது மட்டும் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. முழுமையான பாலிசியில் தீயும் தானாகத் தீப்பற்றுவதும் அடங்கும். ஆனால் வெறும் மின் கோளாறும் தேய்மானமும் அடங்காது. தெரிவிக்காமல் செய்த மாற்றங்கள் இருந்தால் சர்வேயர் கேள்வி எழுப்பலாம்.

பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டு, காரை ஷெட்டில் விடும்போது திருப்பிவிட்டால் அந்த பிரவுன் ஒயரும் செத்துவிடும். ஓடும்போது புகை வந்தால் இன்ஜினை நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். பானட்டை அகலமாகத் திறந்தால் காற்று புகுந்து தீ பெரிதாகும். லேசான இடைவெளி வழியாக, பவுடர் வகை தீயணைப்பானை அடிப்பதே பாதுகாப்பு. தீ அணைந்த பிறகும் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் விட்டால், சூடான அதே ஒயர் சில நிமிடங்களில் மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.