ஒரு துப்பாக்கி, பல குழல்கள், 16 அங்குலச் சிக்கல்

கன்டென்டர் வேட்டைத் துப்பாக்கியில் குழல் மாற்றுவது சமையலறை மேசையிலேயே முடிந்துவிடுகிற வேலை. திருகாணியைக் கழற்றினால் முன்கட்டை கையோடு வந்துவிடும். கீலில் இருக்கும் தடித்த ஊசியை ஒரு பக்கத்திலிருந்து தள்ளினால் குழல் தனியே பிரிந்துவிடும். வேறு குழலை வைத்து, ஊசியைச் செருகி, கட்டையைப் பூட்டினால் தீர்ந்தது. சிறு தோட்டாவுக்கு விளிம்பிலும் பெரிய தோட்டாவுக்கு நடுவிலும் அடி விழ வேண்டும் என்பதால், சுத்தியலில் உள்ள சிறு தெரிவியையும் அதற்கேற்பத் திருப்ப வேண்டும். காலையில் அணில் வேட்டைக்குப் போன துப்பாக்கி மாலையில் மான் வேட்டைக்குத் தயார்.

வாரன் சென்டர் என்ற கைவினைஞர் வடிவமைத்த இந்தத் துப்பாக்கி, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் 1967-இல் கைத்துப்பாக்கியாக விற்பனைக்கு வந்தது. ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான். நான்கு துப்பாக்கி வாங்க வசதியில்லாதவர் குழல் பூட்டும் உடற்பகுதியான ஒரு ஃப்ரேமும் நான்கு குழல்களும் வாங்கிக்கொள்ளலாம். குறிபார்க்கும் தொலைநோக்கி குழலின் மேலேயே பொருத்தப்படுவதால், குழலை மாற்றும்போது குறியும் கூடவே வருகிறது.

இவ்வளவு எளிய பொருள் சட்டத்தில் மாட்டிக்கொண்ட கதைதான் விசித்திரம்.

அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, தோளில் அணைத்துச் சுடும் ரைஃபிளின் குழல் இன்று 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு 200 டாலர் வரியும் இருந்தது. பதியாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. அந்த மசோதா கைத்துப்பாக்கிகளையும் சேர்த்துக் கட்டுப்படுத்தவே முதலில் எழுதப்பட்டது. ரைஃபிளை அறுத்துச் சிறிதாக்கி யாரும் அதை ஏய்த்துவிடக் கூடாது என்றுதான் குட்டை ரைஃபிளையும் சேர்த்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் கைத்துப்பாக்கி மசோதாவிலிருந்து வெளியேறியது. குட்டை ரைஃபிள் விதி மட்டும் தங்கிவிட்டது. வீட்டை விற்ற பிறகும் வாசலில் காவலாள் நிற்பது போல.

கன்டென்டரைத் தயாரித்த தாம்ப்சன்/சென்டர் நிறுவனம் அந்தக் கைத்துப்பாக்கியோடு 21 அங்குலக் குழலும் தோள்கட்டையும் சேர்த்து ஒரு தொகுப்பாக விற்க முனைந்தபோது சிக்கல் வந்தது. கைத்துப்பாக்கியின் 10 அங்குலக் குழலில் தோள்கட்டையை மாட்டிவிட முடியுமே, ஆகவே தொகுப்பே குட்டை ரைஃபிள்தான் என்றது அரசு. நிறுவனம் ஒன்றுக்கு மட்டும் வரியைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பித் தரும்படி வழக்குத் தொடுத்தது. 1992-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. சட்டம் தெளிவாக இல்லை, தண்டனை தரும் சட்டத்தில் சந்தேகத்தின் பலன் குடிமகனுக்கே என்றார் நீதிபதி சூட்டர்.

தீர்ப்பு சரி. ஆனால் அது பாதிச் சிக்கலைத்தான் அவிழ்த்தது. கைத்துப்பாக்கியை ரைஃபிளாக்குபவர் முதலில் நீளக் குழலை மாட்டி, அப்புறம்தான் தோள்கட்டையைப் பூட்ட வேண்டும். திரும்பும்போது முதலில் கட்டை கழல வேண்டும், பிறகு குட்டைக் குழல். வரிசை மாறினால், அதே மேசையில், அதே ஐந்து நிமிடத்தில் குற்றம் நடந்துவிடுகிறது. இன்னொரு கூத்தும் உண்டு: கைத்துப்பாக்கியாகப் பிறந்த ஃப்ரேம் ரைஃபிளாகிவிட்டுத் திரும்பலாம், ரைஃபிளாகவே ஆலையிலிருந்து வந்த ஃப்ரேம் பதிவு இல்லாமல் கைத்துப்பாக்கியாக முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

குட்டைத் துப்பாக்கியை ஒளித்து எடுத்துப் போகலாமே என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் கட்டை இல்லாத 10 அங்குலக் கைத்துப்பாக்கி அதைவிட எளிதாக ஒளியும். அதற்கு இந்தப் பதிவு தேவையில்லை. மேலும், கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் ஃப்ரேம்தான் துப்பாக்கி. தனிக் குழல் வெறும் உதிரிப்பாகம், தபாலிலேயே வந்துவிடும். பிரிட்டனில் ரைஃபிளின் கூடுதல் குழலும் உரிமச் சான்றிதழில் ஏற வேண்டும். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமும் பாகங்களை ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கட்டுப்பாடு வேண்டும் என்றால் அமெரிக்காவும் அப்படிக் குழலைக் கணக்கில் எடுக்கட்டும். வேண்டாம் என்றால் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளுக்காவது அங்குலக் கணக்கைக் கைவிடட்டும். திருப்புளி எதை முதலில் தொட்டது என்று பார்ப்பதில் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை. 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிளுக்கான வரியைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். பதிவும் சிறையும் அப்படியே இருக்கின்றன.

குழல் மாற்றும் துப்பாக்கியில் அஞ்ச வேண்டிய ஆபத்து வேறு. கன்டென்டரின் பெரிய உருவமான என்கோர் துப்பாக்கிக்கு 12 கேஜ் குழலும் உண்டு, 20 கேஜ் குழலும் உண்டு. பையில் இரண்டு தோட்டாவும் கலந்துகிடந்தால், சிறிய 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் அடைத்துக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். இதைத் தடுக்கத்தான் 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்தார்கள். ஒவ்வொரு குழலுக்கும் தனி தோட்டாப் பை, சுடும் முன் துப்பாக்கியைத் திறந்து வெளிச்சத்தில் ஓட்டையைப் பார்ப்பது என்ற இரண்டு பழக்கங்கள் விரல்களைக் காப்பாற்றும். அங்குலத்தை அளக்கும் சட்டத்தில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.