விதி அல்ல, விதிமுறை!

"கை தவறிவிட்டது" என்கிறார்கள். "துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது" என்கிறார்கள். அதுவும் எடுபடாவிட்டால், "எல்லாம் விதி, என்ன செய்வது!" என்று கையை விரிக்கிறார்கள். துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலே ஒருவன் தன் துப்பாக்கியாலேயே தன் தொடையிலே குண்டு பாய்ந்து சாய்கிறான் என்றால், பழி விதியின் மேல்! விசையை அழுத்திய விரலின் மேல் அல்ல. அந்த விரலுக்குப் பாடம் சொல்லித்தர மறந்த மேலிடத்தின் மேலும் அல்ல! எவ்வளவு வசதியான விதி!

நாம் கேட்கிறோம்: விதிக்கு விரல் உண்டா?

கைத்துப்பாக்கி என்பது எஃகும் சுருள்வில்லும் சேர்ந்த கருவி. பழுதில்லாத கருவி, விசை இழுக்கப்பட்டால் வெடிக்கும். இழுக்கப்படாவிட்டால் சும்மா கிடக்கும். வேண்டுமென்று இழுத்தாயா, வேண்டாமல் இழுத்தாயா என்று அது விசாரிப்பதில்லை. விரல் இழுத்தாலும் ஒன்றுதான். சட்டைத் துணி சிக்கி இழுத்தாலும் ஒன்றுதான். கருவியே பழுது என்றால் அது வேறு வழக்கு. செய்து விற்றவன் பதில் சொல்லட்டும். அமெரிக்க நீதிமன்றங்களிலே அப்படியும் வழக்குகள் நடந்திருக்கின்றன. நாம் இங்கே பேசுவது, கருவி சரியாக இருந்தும் கை தவறுகிறதே, அதைப் பற்றி.

அமெரிக்கத் தலைநகரமாம் வாஷிங்டனைப் பாருங்கள். 1980களின் இறுதியிலே அந்நகரக் காவல்துறை, பழைய ரிவால்வரை ஒதுக்கிவிட்டு, ஆஸ்திரிய நாட்டுக் 'கிளாக்' கைத்துப்பாக்கியைக் காவலர் கையிலே கொடுத்தது. ரிவால்வரின் விசையை நெடுந்தூரம், அழுத்தமாக இழுக்க வேண்டும். கிளாக்கின் விசையோ இலேசானது. கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் பூட்டும் வெளியே கிடையாது. கருவி கெட்டது என்று நாம் சொல்லவில்லை. பல நாட்டுப் படைகள் ஏந்தும் கருவிதான் அது. ஆனால், மாட்டு வண்டி ஓட்டியவனை மோட்டார் வண்டியிலே ஏற்றினால், முதலிலே ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

சரிவரக் கற்றுக்கொடுக்கவில்லை! விளைவு என்ன? 1998 நவம்பரில் 'வாஷிங்டன் போஸ்ட்' ஏடு கணக்கை வெளியிட்டது. பத்தாண்டுகளில் 120 முறைக்கு மேல் துப்பாக்கி எண்ணாமல் வெடித்தது. 19 காவலர்கள் தம்மையோ, தம்முடன் பணியாற்றிய காவலரையோ தவறுதலாகச் சுட்டனர். சுட நினைக்காத பொதுமக்களில் ஒருவரேனும் மாண்டார். ஒன்பது பேரேனும் காயமுற்றனர். மூன்று வழக்குகளை முடிப்பதற்காக மட்டும், ஆறு மாத காலத்தில் 14 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. 1996இல் துப்பாக்கியைப் பயன்படுத்திய காவலர்களில் 75 சதவீதம் பேர், மறுபயிற்சி விதியை நிறைவேற்றாதவர்கள்! நெடுநாள் கழித்துப் பயிற்சித் தளத்துக்கு வந்த ஒருவரின் துப்பாக்கிக்குள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்ததாம்!

சிலந்தி குடியேறும்வரை சும்மா இருந்தது யார்? பயிற்சிக்கு நேரமில்லை, நட்ட ஈட்டுக்குப் பணமுண்டு! தோட்டாவை மிச்சம் பிடித்தார்கள். இரத்தத்தைச் செலவு செய்தார்கள்!

சரி, ஆபத்து எந்த நொடியிலே பதுங்கியிருக்கிறது? துப்பாக்கியை உறையிலிருந்து உருவும்போது என்று நினைப்பீர்கள். அங்கும் உண்டு, ஆனால், பழகிய பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது, சுட்டு முடித்துத் துப்பாக்கியை மீண்டும் உறையிலே செருகும் நொடியைத்தான். சுட்டாகிவிட்டது, மனம் தளர்கிறது, கண் இலக்கைப் பார்க்கிறது, விரலோ விசையை விட்டு விலக மறக்கிறது. துப்பாக்கி உறைக்குள் இறங்குகிறது. உறையின் விளிம்பு விரலைத் தடுக்கிறது. கை மேலும் அழுத்துகிறது. விரல் விசையின் மேல் நசுங்க, வெடி! குழலின் வாய் அப்போது எங்கே நோக்கும்? தன் தொடையை, தன் காலை!

விரல் மட்டுமா? தொளதொளத்த சட்டை நுனி, மேலங்கியின் நாடா, அதன் நுனியில் தொங்கும் குமிழ், இவை விசைக் காப்பு வளையத்துக்குள் நுழைந்தாலும் போதும். நாள்பட்டு நைந்துபோன தோல் உறை உள்ளே மடிந்து விசையைத் தொட்டாலும் போதும். ஆகவேதான், விசை முழுவதையும் மூடி நிற்கும், வாய் சுருங்காத, கெட்டியான உறை வேண்டும் என்கிறோம். அந்தந்தத் துப்பாக்கிக்கு அந்தந்த உறை. அண்ணன் செருப்பைத் தம்பி மாட்டிக்கொள்வதுபோல ஆகாது!

செருகும் முறை என்ன? விரலை விசையிலிருந்து எடுத்துத் துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டி வை. நிமிர்ந்து நில், ஒரு மூச்சு விடு. சட்டையை ஒதுக்கு, மற்றக் கையைக் குழலின் முன்னே கொண்டுவராதே. உறையைக் கண்ணால் பார். மெல்லச் செருகு. ஏதோ தடுக்கிறது என்று பட்டால் அழுத்தாதே, வெளியே எடு, ஏன் என்று பார். உருவுவதிலே வேகம் வேண்டியிருக்கலாம். செருகுவதிலே வேகம் காட்டி யாரும் பரிசு பெற்றதில்லை!

இதைக் கோழைத்தனம் என்பவருக்கு ஒன்று சொல்வோம். ஐ.பி.எஸ்.சி. என்னும் பன்னாட்டுத் துப்பாக்கிப் போட்டி அமைப்பு, 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலே பிறந்தது. ஓடிக்கொண்டே சுடும் வேகப் போட்டி அது. ஆனால், நடுவர் கட்டளையிடும்வரை எவர் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கக்கூடாது. சுட்டு முடித்ததும் தோட்டாவை நீக்கி, வெறுமையாக இருப்பதை நடுவருக்குக் காட்டி, அதன் பிறகே உறையிலிட வேண்டும். துப்பாக்கி எண்ணாமல் வெடித்தால் போட்டியிலிருந்து நீக்கம்! உலக வீரனானாலும் நீக்கம். நேற்று வந்தவனானாலும் நீக்கம். பெரியவன் சிறியவன் பேதமில்லை. விதிமுறை என்றால் அதுவல்லவா விதிமுறை!

பயிற்சித் தளத்துக்கு உள்ளே நடப்பதுதானே, ஊருக்கு என்ன என்று இருந்துவிடவும் முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பகுதியை மறந்துவிட்டோமா? 2021 டிசம்பர் 30 அன்று, அங்கிருந்த பயிற்சித் தளத்தின் பக்கமிருந்து பாய்ந்த குண்டு, வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் தலையிலே பட்டது. 2022 ஜனவரி 3 அன்று அவன் மாண்டான். அது உறையிலிட்ட கைத்துப்பாக்கி அல்ல. ஆயினும் பாடம் ஒன்றுதான். குழலைவிட்டுக் கிளம்பிய குண்டுக்கு வேலி தெரியாது, வயது தெரியாது, வா என்று அழைத்தால் திரும்பவும் தெரியாது!

துப்பாக்கி ஏந்தி நிற்பவன் யார்? காவல் நிலையத்துக் காவலன், வங்கி வாயிலிலே நிற்கும் காவலாளி: உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள்தாம்! தவறு நேர்ந்தால் முதலில் வேலை போவது அவனுக்கு. கால் போவது அவனுக்கு. கண்ணீர் வடிப்பது அவன் வீடு. ஆகவே அவனுக்குச் சொல்கிறோம்: தம்பி, விரலைக் காத்துக்கொள், விரைவை விட்டுவிடு. அவனை ஆள்பவருக்கும் சொல்கிறோம்: ஆயுதம் கொடுக்கும் கை, அதற்கேற்ற உறையையும் கொடுக்கட்டும், பழகத் தோட்டாவும் நேரமும் கொடுக்கட்டும். கொடுக்காமல் இருந்துவிட்டு, விபத்து நடந்த மறுநாள் விதியின் தலையிலே பழியைக் கட்டாதீர்!

விதிக்கு விரல் இல்லை. விரலுக்கு விதிமுறை வேண்டும்!