அது யாருடைய கதை?

போன மாதம் காலை நிகழ்ச்சியில் 'எனக்காக அம்மா செய்தது' என்று தலைப்பு கொடுத்தோம். நேயர்கள் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார்கள். பேச்சோடு பேச்சாக நானும் சொல்லிவிட்டேன். கடைசி ஆண்டுப் படிப்புக் கட்டணத்துக்காக என் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்த கதை அது. வாட்ஸ்அப்பில் அழும் முகங்கள் குவிந்தன. நல்ல நிகழ்ச்சி என்ற திருப்தியோடு வீடு திரும்பினேன்.

அந்த வாரக் கடைசியில் பீடோங் போனால், அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. பாசார் மாலாமில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது தெரிந்தவர் ஒருவர், "தாலியையே வச்சிட்டீங்களாமே, பாவம்" என்று கேட்டிருக்கிறார். 20 ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மா யாரிடமும் கை நீட்டியதில்லை. அடகு வைத்தது சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது.

"அது என் கதைடி. உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு, ஊடகப் படிப்பின்போது நான் விரும்பிப் படித்த ஓர் எழுத்தாளர் ஞாபகத்துக்கு வந்தார். தன் சொந்த வாழ்க்கையையே பத்திரிகையில் தொடராக எழுதிய கமலா தாஸ்.

1934-இல் கேரளத்தின் புன்னயூர்க்குளத்தில் பிறந்தவர். அம்மா பாலாமணியம்மா பெயர்பெற்ற கவிஞர். அப்பா வி.எம். நாயர் 'மாத்ருபூமி' நாளிதழில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். கமலாவுக்கு 15 வயதிலேயே மாதவ தாசுடன் திருமணம். பகலெல்லாம் வீட்டு வேலை. எல்லாரும் தூங்கிய பிறகு, காய்கறி நறுக்கும் அதே சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவார். ஆங்கிலத்தில் கமலா தாஸ், மலையாளத்தில் மாதவிக்குட்டி.

1972-இல் 'மலையாளநாடு' வார இதழில் அவருடைய 'என் கதை' தொடராக வரத் தொடங்கியது. மகிழ்ச்சியில்லாத மணவாழ்க்கை, உடல், ஆசை, மற்ற ஆண்கள் என்று எதையும் மறைக்காமல் எழுதினார். கேரளம் கொதித்தது. செல்வாக்குள்ள உறவினர்கள் தொடரை நிறுத்தச் சொல்லி நெருக்கினார்கள். அவர் நிறுத்தவில்லை. இரண்டே வாரத்தில் விற்பனை 50,000 பிரதி கூடியது என்று அந்த இதழின் ஆசிரியர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். திட்டியவர்களும் வாங்கித்தானே படித்திருக்க வேண்டும்!

பிறகு பெண்கள் பிரச்சினை, குழந்தை வளர்ப்பு, அரசியல் என்று பத்திகள் எழுதினார். அவற்றுக்குப் பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. 1984-இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1985-இல் அவருடைய கவிதைகளுக்கு சாகித்திய அகாடமி விருது. 1999-இல், 65 வயதில் இஸ்லாத்தைத் தழுவி கமலா சுரையா ஆனபோது மறுபடியும் புயல். 2009 மே 31-இல் புனேயில் காலமானார். அரசு மரியாதையோடு திருவனந்தபுரம் பாளையம் பள்ளிவாசலில் அடக்கம் செய்தார்கள்.

நம் கண்ணதாசனும் 'வனவாசம்' நூலில், தன்னை 'அவன்' என்று குறிப்பிட்டு, தன் தவறுகளைப் போட்டு உடைத்தார். அவரைத் 'திறந்த மனசுக்காரர்' என்று கொண்டாடினோம். அதையே ஒரு பெண் செய்தால் மட்டும் குடும்ப மானம் போய்விடுகிறது. அந்த அநியாயத்துக்குப் பணியாதவர் என்பதால்தான் எனக்குக் கமலா தாசைப் பிடிக்கும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. 'என் கதை'யில் கற்பனையும் நிறைய உண்டு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். எது நடந்தது, எது நடக்காதது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? அதில் வரும் கணவரும் உறவினர்களும் தங்கள் பக்கத்தைச் சொல்ல, அவர்களுக்கு யார் தொடர் கொடுத்தார்கள்? நம் வாழ்க்கையை எழுதும்போது, நம்மோடு வாழ்ந்தவர்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

கமலா தாஸ் பணயம் வைத்தவற்றில் முதலில் இருந்தது அவருடைய சொந்தப் பெயர். நான் அன்று வானொலியில் வைத்ததோ அம்மாவின் மானத்தை. எனக்குக் கைதட்டல், அவருக்குச் சந்தையில் தலைகுனிவு. இன்று டிக்டாக்கில் அப்பாவின் பழைய மோட்டாரையும் பாட்டியின் ஒழுகும் கூரையையும் காட்டி உருகும் நம் பிள்ளைகள், காட்டுவதற்கு முன் அவர்களை ஒரு வார்த்தை கேட்கிறார்களா?

இந்த முறை நான் கேட்டேன். எழுதியதை அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"போடு. ஆனா வச்சதை மட்டும் சொல்ற, எட்டே மாசத்துல மீட்டதை யாரு சொல்றது? அதையும் எழுது."

எழுதிவிட்டேன், அம்மா.