போர் விமானிக்கு எது நினைவுச் சின்னம்?

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியில், கிணற்றில் விழுந்த குழந்தையை ஒரு பெண் துணிந்து குதித்துக் காப்பாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவருக்கு ஒரு விருது வழங்கக்கூடும். அதன் பெயர் "கல்பனா சாவ்லா விருது".

கல்பனா சாவ்லா, அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த விண்வெளி வீராங்கனை. 2003-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, "கொலம்பியா" என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் நொறுங்கியது. அதில் இருந்த 7 பேரும் மாண்டார்கள். கல்பனா ஒருவர். இன்னொருவர் இலன் ரமோன். இஸ்ரேல் நாட்டின் முதல் விண்வெளி வீரர். யூதர். போர் விமானி.

குண்டு வீச்சு

ரமோன் 1954-ம் ஆண்டு பிறந்தார். அவருடைய தாயும் பாட்டியும், யூதர்களைக் கொன்று குவித்த இட்லரின் ஆஷ்விட்ஸ் சிறை முகாமில் இருந்து உயிர் தப்பியவர்கள்.

1981-ம் ஆண்டு சூன் 7-ந் தேதி, 8 இஸ்ரேல் விமானங்கள் ஈராக் நாட்டுக்குப் பறந்தன. அங்கே கட்டப்பட்டு வந்த அணு உலையைக் குண்டு வீசித் தகர்த்தன. கடைசி விமானத்தை ஓட்டியவர் ரமோன். விமானிகளில் அவரே இளையவர். வயது 26.

"எங்கள் நாட்டைக் காப்பாற்றினோம்" என்றது இஸ்ரேல். ஐ.நா. பாதுகாப்பு சபையோ, அந்தத் தாக்குதலை ஒருமனதாகக் கண்டித்தது. தாக்குதலில் ஈராக்கியரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் இறந்தனர். ஒரு நாட்டுக்கு வீரன். மறு நாட்டுக்குப் பகைவன். போர் விமானிகளின் புகழ் எப்போதும் இப்படித்தான்.

சிறுவன் வரைந்த படம்

விண்வெளிக்குச் செல்லும்போது ரமோன் குண்டு எதையும் கொண்டு போகவில்லை. ஒரு படத்தின் நகலைக் கொண்டு போனார். நிலவில் இருந்து பார்த்தால் பூமி எப்படித் தெரியும் என்று, பீட்டர் கின்ஸ் என்ற யூதச் சிறுவன் சிறை முகாமில் இருந்தபடி வரைந்த படம் அது. 1944-ல், 16-வது வயதில், அவன் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டான்.

கொலம்பியா நொறுங்கிய நாள், பீட்டரின் 75-வது பிறந்த நாள்! அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. அதன் பயனாக, பிராகு நகரில் ஒரு வீட்டில் கிடந்த பீட்டரின் நாட்குறிப்பு வெளிவந்தது. மறைந்துபோன ஒரு பிள்ளையின் குரல் உலகுக்குக் கேட்டது.

தகப்பனும் மகனும்

ரமோனின் மூத்த மகன் அசாபும் போர் விமானி ஆனார். 2009-ம் ஆண்டு, பயிற்சியின்போது விமானம் விழுந்து இறந்தார். வயது 21. இருவர் நினைவாகவும், தெற்கு இஸ்ரேலில் 2019-ம் ஆண்டு திறக்கப்பட்ட விமான நிலையத்துக்கு "ரமோன்" என்று பெயர் வைத்தார்கள்.

எது சிறந்தது?

போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயர் பொறித்தது தமிழ்நாடு. பெயர் வைப்பது நல்லதே. ஆனால் அது மட்டும் போதாது.

கொலம்பியா ஏன் நொறுங்கியது? புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியில் இருந்து பெயர்ந்த நுரைத் துண்டு, இடது இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. திரும்பி வரும்போது, அந்த ஓட்டை வழியாகக் கொதிக்கும் காற்று உள்ளே புகுந்தது. "இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று பொறியாளர்கள் முன்பே கேட்டார்கள். மேலதிகாரிகள் அதற்கு இடம் தரவில்லை. விசாரணைக் குழு இதை 2003 ஆகஸ்டில் வெளிப்படையாக எழுதியது. குறைகளைத் திருத்திய பிறகே, 2005-ல் விண்வெளி ஓடம் மறுபடியும் பறந்தது.

கீழே இருப்பவன் "ஆபத்து" என்று சொன்னால், மேலே இருப்பவன் காது கொடுக்க வேண்டும். பட்டாசு ஆலைக்கும் பஞ்சாலைக்கும் பள்ளிக்கூட பஸ்சுக்கும் இதுவே சட்டம்.

இறந்தவர் பெயரைச் சொல்வது மரியாதை. அவர் இறந்த காரணத்தால் இன்னொருவர் இறக்காமல் பார்த்துக்கொள்வதே உண்மையான நினைவுச் சின்னம்.